புன்னகை வளைவில் யாரும் விழுவதில்லை

அந்த ஊரில் எல்லோரும் மாடிப்படியில்தான் வழுக்கி விழுந்தார்கள். முழங்கை சிராய்த்து வந்த தபால்காரர் மாடிப்படி என்றார். மூக்கு வீங்கி வந்த வக்கீலும் மாடிப்படி என்றார். சட்டையின் பின்பக்கம் சேறும் காட்டு இலையும் அப்பியிருக்க நொண்டி நொண்டி வந்த பல் டாக்டர், "வீட்டு மாடிப்படி இருக்கே, சனியன்" என்று அதைத் திட்டவே செய்தார். ஊரில் பெரும்பாலும் ஒற்றைத்தள வீடுகள். மருந்துக்கடைக்காரர் யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிளாஸ்திரியும் களிம்பும் எடுத்துக் கொடுத்து, "பாத்து ஏறுங்க" என்பார். வியாபாரம் பண்ணுகிறவனுக்குக் கை இருந்தால் போதும், வாய் எதற்கு என்பது அவர் கட்சி.

உண்மையில் இவர்கள் உருண்ட மாடிப்படி ஊருக்கு மேலே, காட்டுக்குள் இருந்தது. மலையின் இந்தச் சரிவு ஒரு நாடு, அந்தச் சரிவு இன்னொரு நாடு. நடுவே ஓர் எல்லைக்கல். கல்லுக்கு இருபுறமும் ஒரே காடு, ஒரே மழை. ஆபீஸ் மட்டும் வேறு வேறு. தடித்த டயர் போட்ட சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துப் பிள்ளைகள் மலைமலையாக அலைகிறார்கள் என்று எங்கோ ஒரு மேலதிகாரி படித்துத் தொலைத்துவிட்டார். அவ்வளவுதான், எல்லைமலை மிதிவண்டிப் பாதை வாரியம் பிறந்துவிட்டது. அதற்கு ஒரு தலைவர், பாதைக்குப் பெயர் வைக்க ஒரு பிரிவு, நிறம் கொடுக்க ஒரு பிரிவு, விழுகிறவர்களைக் கவனிக்க வீழ்ச்சிப் பிரிவு. இவர்களில் யாருக்காவது ஒழுங்காகச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று கேட்காதீர்கள். வேலைக்கு எடுக்கும்போது யாரும் அதைக் கேட்கவில்லை. நாம் ஏன் கேட்டுக் கெட்ட பேர் வாங்க வேண்டும்?

மற்ற இடங்களிலும் மலைச் சைக்கிள் பாதைக்கு நிறம் உண்டு. பச்சை என்றால் சுலபம், நீலம் என்றால் கொஞ்சம் பார்த்து, சிவப்பு என்றால் தேறினவர்களுக்கு, கறுப்பு என்றால் வீட்டில் சொல்லிவிட்டு வா. சரிவை அளப்பார்கள், கல்லையும் வேரையும் குனிந்து பார்ப்பார்கள். நம் வாரியத்துக்கு அந்தக் குனிகிற வேலை பிடிக்கவில்லை. "பாதை மக்களோடது. நிறத்தையும் மக்களே முடிவு பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டார் தலைவர். அதனால் எல்லாப் பாதையும் பிறக்கும்போதே பச்சை. யாராவது விழுந்தால் வாரியக் கூட்டத்துக்கு நேரில் வந்து, தேக்கில் செய்து போட்டிருந்த வீழ்ச்சி மேடையில் ஏறி, ஊரார் முன்னால் தன் தொழில் இன்னதென்று சொல்லி, 'நான் விழுந்தேன்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னால், நிறத்தை மாற்றுவது பற்றி யோசிப்பார்கள். பெயர்ப் பிரிவுக்காரர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? பச்சைப் பாதைக்கெல்லாம் 'மழலைப் பாதை' என்று பெயர் சூட்டினார்கள். மரம் வெட்டுகிறவர்கள் இடுப்பொடிச்சான் என்று சொல்லிவந்த திருப்பத்தில் 'புன்னகை வளைவு' என்று பலகை நட்டார்கள். இப்போது சொல்லுங்கள், நாலு பேர் மதிக்கிற மனிதன் மேடையேறி, 'ஐயா, மழலைப் பாதையில் புன்னகை வளைவில் குப்புற விழுந்தேன்' என்று சொல்வானா? மாடிப்படி என்று ஒன்று உலகத்தில் இருக்கும்போது?

மருந்துக்கடைக்காரர் தாமும் ஒருநாள் விழுவோம் என்று நினைத்தவர் அல்ல. அவர் வாழ்க்கை கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தட்டையான சாலையில் போய்க்கொண்டிருந்தது. கல்லாவில் உட்காரும் மனைவிதான் வாயைத் திறந்தாள். "உங்களுக்கு முன்னாடி உங்க வயிறு கடைக்குப் போயிடுதுங்க. ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் அதுவே பூட்டைத் திறந்து வியாபாரம் பண்ணிடும்" என்றாள். மகள் சிட்டு, ஐந்தாம் வகுப்பு, தெருவில் சைக்கிளைப் பம்பரமாகச் சுழற்றுகிறவள், "அப்பா, நீங்களும் ஒரு சைக்கிள் வாங்குங்கப்பா, ரெண்டு பேரும் மலைக்குப் போலாம்" என்று பிடித்துக்கொண்டாள். வாங்கினார். குழந்தையை அழைத்துப் போகும் முன் தாம் ஒருமுறை போய்ப் பார்ப்போம் என்று ஒரு விடுமுறை நாள் காலையில் தனியாகக் கிளம்பினார். பச்சைதானே என்று ஆழம் தெரியாமல் காலை விட்டார்.

பாதை முதலில் நல்ல பிள்ளையாகத்தான் போயிற்று. மர நிழல், மெத்தென்ற மண், ஏதோ ஒரு பறவை கூட விசிலடித்தது. மனிதர் ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். எல்லைக்கல் வந்தது. கல்லைத் தாண்டியதும் பாதை அவர் காலடியிலிருந்து சட்டென்று இறங்கிப் போய்விட்டது. கொட்டிக் கிடந்த சரளை, குறுக்கே புடைத்த வேர்கள், திரும்ப இடமில்லாத திருப்பம். முன் பிரேக்கை இறுகப் பிடித்தார். சைக்கிள் நின்றது, அவர் நிற்கவில்லை. பாஸ்போர்ட் எதுவும் இல்லாமல் பக்கத்து நாட்டுக்குள் போய் விழுந்தார்.

அங்கே ஒரு தகரக் கொட்டகை வாசலில் பக்கத்து நாட்டு எல்லைக் காவலர் ஸ்டூல் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவசரமே இல்லாமல் எழுந்து வந்தார்.

"வாங்கண்ணே. தோளை அசைக்காதீங்க. உங்க ஊர்க்காரங்க எல்லாரும் எங்க நாட்டுக்கு இப்படித்தான் வர்றாங்க. நடந்து வந்தவங்களை நான் பாத்ததே இல்லை."

"பாதை பச்சைதானேப்பா..."

"அந்த மரத்தைத் திரும்பிப் பாருங்க."

வளைவில் நின்ற பெரிய மரத்தின் மேல்பக்கத்தில் நம் வாரியத்தின் பச்சை வட்டம் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டுதான் அவர் வந்தார். அதே மரத்தின் கீழ்ப்பக்கத்தில், இப்போது விழுந்து கிடக்கிற இடத்திலிருந்து பார்த்தால், கறுப்பு வட்டம் இருந்தது. அது பக்கத்து நாட்டு வாரியம் வைத்தது.

"எங்க நாட்டுல இது கறுப்பு. பழகாதவங்க வரவே கூடாது" என்றார் காவலர்.

"இதை மேல்பக்கமா வரைஞ்சிருக்கலாமே!"

"மேல்பக்கம் உங்க மரம்ண்ணே. நாங்க எப்படித் தொடுறது?"

காறை எலும்பு முறிந்திருந்தது. கையைக் கழுத்தோடு தொங்கவிட்டுக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் நினைத்தார். ஆனால் வாசலில் சிட்டு, "அப்பா, பாதை எப்படி இருந்துச்சு?" என்று குதித்துக்கொண்டு வந்தாள். "பாதைக்குப் போகவே இல்லைம்மா. கடையில ஒரு வேலைன்னு போனேன், ஏணியிலேருந்து வழுக்கிட்டேன்" என்றது அவர் வாய். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, நம்மவருக்கு மீசையே கிடையாது. அதனால் இன்னும் வசதியாகப் போயிற்று. மனைவி மட்டும் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"காலையிலேருந்து நான்தான் கடையில கணக்குப் பாத்துட்டிருந்தேன். ஏணி என் பக்கத்துலதான் நின்னுச்சு. நீங்க விழுந்ததை அது என்கிட்ட சொல்லவே இல்லையே."

அவர் வலிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். நிஜமாகவே வலித்ததால் அது சிரமமாக இல்லை.

இதோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஊரோடு ஊராக அவரும் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு சுகமாக இருந்திருப்பார். ஆனால் வாரியம் சும்மா இருந்தால் அது வாரியம் இல்லையே. ஆண்டுவிழாவுக்குப் பள்ளிக் குழந்தைகளை மழலைப் பாதையில் சைக்கிள் ஓட்டவைப்பது என்று முடிவு செய்தது. புன்னகை வளைவு வழியாக. எல்லோருக்கும் முன்னால் ஓட்டிப் போக, வகுப்பிலேயே நன்றாக ஓட்டுகிறவள் என்று சிட்டுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் வீடு முழுக்க ஓடிக் களித்தாள். மருந்துக்கடைக்காரர் அவளை மெல்லப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"சிட்டு, அன்னிக்கு மழை வந்தாலும் வரும். வேணாமே?"

"மழலைப் பாதைதானேப்பா. பாப்பாங்களே ஓட்டுவாங்களாம். நான் போகலைன்னா சிரிக்க மாட்டாங்களா?"

அவள் சொன்னது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இதே காரணத்துக்காகத்தானே அவரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்! வீட்டில் சொல்லக் கூசியது. ஆபீஸில் போய் மெதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அவர்களே நிறத்தை மாற்றி ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள், வீட்டுக்குத் தெரியவே வேண்டாம் என்று ஒரு கணக்குப் போட்டார். கோழைகள் போடுகிற கணக்கு எப்போதும் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும்.

வீழ்ச்சிப் பிரிவு வாரியக் கட்டடத்தின் கோடியில் இருந்தது. மேஜைகள் பளபளவென்று இருந்தன. யாரும் விழாத ஊரில் வீழ்ச்சிப் பிரிவுக்கு என்ன வேலை? அலுவலர் ஒரு காலைப் பக்கத்து நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் கட்டு. அந்தக் கட்டுத்துணியை விற்றதே நம்மவர்தான். இருவரும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டார்கள்.

"சார், ஒரு வீழ்ச்சி பத்திச் சொல்லணும்."

"யாரோடது?"

"என்னோடது. புன்னகை வளைவுல விழுந்துட்டேன்."

"அவசரப்படாதீங்க. விழுந்தீங்களா, இறங்கினீங்களா?"

"விழுந்தேன் சார்."

"அதை நீங்க சொல்ல முடியாது, நாங்கதான் சொல்லணும். சைக்கிளை விட்டுட்டுத் தனியா தரைக்கு வந்தா அது இறக்கம். சைக்கிளோட சேர்ந்து வந்தா அது பயணம். நீங்க எப்படி?"

"சைக்கிள் ஒரு பக்கம் போச்சு, நான் ஒரு பக்கம் போனேன்."

"அப்போ உங்களோடது இறக்கம், சைக்கிளோடது தனிப் பயணம்."

"எலும்பு முறிஞ்சுதே சார்!"

"எலும்பு சுகாதாரத் துறை. எங்க விழுந்தீங்க, எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"ஆரம்பிச்சது இந்தப் பக்கம். முடிஞ்சது அந்தப் பக்கம்."

அலுவலர் முகம் மலர்ந்தது. "அட, அப்போ அது ஏற்றுமதி! நம்ம கணக்குலயே வராது. நீங்க ஏன் சார் கவலைப்படுறீங்க?"

"என் பொண்ணு அதுல போகப் போறா சார். ஊர்க் குழந்தைங்க எல்லாம் போகப் போகுது. உங்க பையனும்தான்." மருந்துக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "உங்க காலு எப்படி ஆச்சு சார்?"

"மாடிப்படி."

"எங்க வீட்டுக்கு எதிர்வீடு சார் நீங்க. உங்க வீட்டுல ஏது மாடி?"

அலுவலர் காலை நாற்காலியிலிருந்து மெல்ல இறக்கினார். முகம் கறுத்து, திடீரென்று வயதானவர்போல ஆகிவிட்டார். "நான் இந்தப் பிரிவோட அலுவலர். நானே விழுந்தேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? நீங்க சொல்லுங்க சார். நீங்க கடைக்காரர், உங்களை யார் என்ன பண்ண முடியும்? இன்னைக்குக் கூட்டம் இருக்கு. மேடையில ஏறி ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. புண்ணியமாப் போகும்."

சரி, சொல்லிவிடுவோம் என்று துணிந்து கூட்ட மண்டபத்துக்குள் நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பாதி மண்டபத்தில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள். வாரியம் எப்படி நடக்கிறது என்று பார்க்கத் தலைமையாசிரியை அழைத்து வந்திருந்தார். முன் பெஞ்சில் சிட்டு. "எங்கப்பா!" என்று கையை ஆட்டினாள்.

அலுவலரிடமிருந்து ஒரு சீட்டு வந்ததும் தலைவர் எழுந்து மைக்கைத் தட்டினார்.

"பெருமக்களே, வீழ்ச்சி மேடையைப் பாருங்க. செஞ்ச அன்னிக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கு. ஒரு கீறல் இல்லை. இதைவிட நம்ம பாதைகளுக்கு வேற என்ன சான்று வேணும்? பக்கத்து நாட்டைப் பாருங்க, பாதிப் பாதை சிவப்பு, மீதி கறுப்பு. ஏன்? அங்க அளக்கிறாங்க! அளந்தா குறை தெரியத்தானே செய்யும்? நாம அளக்கிறதில்லை, மக்களை நம்புறோம். மக்கள் நம்ம முன்னாடி வாயைத் திறக்க மாட்டாங்கங்கிற நம்பிக்கை நமக்கு இருக்கு." கைதட்டல். "ஆனா இன்னைக்கு ஒருத்தர் வந்திருக்கார். வாங்க சார், மேடைக்கு வாங்க. குழந்தைகளே, மழலைப் பாதையில விழுந்த ஒரு பெரியவரை நீங்க இதுவரைக்கும் பாத்திருக்க மாட்டீங்க. நல்லாப் பாத்துக்குங்க."

குழந்தைகள் கொல்லென்று சிரித்தார்கள். சிட்டு சிரிக்கவில்லை. ஆட்டிக்கொண்டிருந்த கையை மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் அவள் காதில் ஏதோ சொன்னாள். சிட்டுவின் காது மடல் சிவந்தது, மேடையேறிவிட்ட அவருக்கு அங்கிருந்தே தெரிந்தது.

மருந்துக்கடைக்காரர் ஆரம்பித்தார். "என் தொழில் மருந்துக்கடை. நான்... புன்னகை வளைவுல..."

"சொல்லுங்க. கையில என்ன கட்டு?"

"கை... கை கடையில ஏணியிலேருந்து விழுந்தது ஐயா."

"அப்போ பாதையில?"

"பாதையில விழலை." இங்கே நிறுத்தியிருக்கலாம். வெட்கப்பட்ட நாக்கு நிற்குமா? பள்ளத்தில் உருளுகிற சைக்கிள் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. "இந்தக் கட்டோட, ஒரு கையாலயே ஓட்டினேன். அவ்வளவு சுலபமான பாதை. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

மண்டபம் அதிர்ந்தது. தலைவர் ஓடிவந்து கட்டிப்பிடித்ததில் முறிந்த எலும்பு இன்னொரு தடவை முனகியது. சிட்டு பெஞ்சின் மேல் ஏறி நின்று கைதட்டினாள். கடைசி வரிசையில் வீழ்ச்சிப் பிரிவு அலுவலர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரமே ஊரெங்கும் போஸ்டர். கட்டுப் போட்ட கையோடு மருந்துக்கடைக்காரர் சிரிக்கிறார், கீழே கொட்டை எழுத்தில் 'ஒரு கை போதும்!' கடைக் கண்ணாடியிலேயே ஒன்றை வந்து ஒட்டிவிட்டுப் போனார்கள். தபால்காரர் மறுபடியும் முழங்கைக்குக் களிம்பு வாங்க வந்தார். போஸ்டரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"ஒரு கையாலயா?"

"ம்."

"பரவாயில்லையே. நமக்கு ரெண்டு கை இருந்தும் மாடிப்படி ஏற வரலை" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் கிண்டல் இருந்ததா, நிஜமாகவே தன்னை நொந்துகொண்டாரா என்று மருந்துக்கடைக்காரருக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் உடம்பு கூசியது. தன்னால்தான் இனி அந்த மனிதர் உயிர் போனாலும் உண்மையைச் சொல்ல மாட்டார் என்று புரிந்தது.

அன்று கடையை மூடும்போது மனைவி, "என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

"கேளு."

கொஞ்சம் யோசித்தாள். "வேணாம். கேட்டா நீங்க ஏதாவது பதில் சொல்லிடுவீங்க."

அவர் கட்டை அவிழ்த்துக் கொஞ்ச நாள் ஆனதும் ஓட்ட நாள் வந்தது. காலையில் சிட்டு ஹெல்மெட் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினாள். மனைவியும் குழந்தைகள் வந்து சேருகிற மைதானத்துக்குப் போய்விட்டாள். அவர் சிட்டுவின் கட்டிலிலிருந்து மெத்தையைச் சுருட்டினார். பூப்போட்ட விரிப்போடு அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, ஆள் நடமாட்டமில்லாத பின்பக்க ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்க மலையேறினார். யாருக்கும் தெரியாமல் வளைவில் மெத்தையைப் போட்டுவிடுவது, குழந்தை விழுந்தாலும் அதில் விழும், மானமும் பிழைக்கும். இதுதான் திட்டம்.

வளைவுக்குக் கீழே, கறுப்பு வட்டம் போட்ட மரத்தடியில், வக்கீல் நின்றுகொண்டிருந்தார். அவர் கக்கத்தில் இரண்டு சோபாத் திண்டுகள்.

"வாக்கிங்" என்றார் வக்கீல்.

"நான் மெத்தையைக் காயப் போடலாம்னு வந்தேன்" என்றார் நம்மவர்.

"காட்டுக்குள்ள வெயில் ஏதுங்க?"

"அதான் தேடிக்கிட்டிருக்கேன்."

புதர் அசைந்தது. தபால் பை நிறையத் தலையணைகளோடு தபால்காரர் வெளியே வந்தார். பாறைக்குப் பின்னாலிருந்து தலைமையாசிரியை, பள்ளி ஜிம்னாஸ்டிக் விரிப்பை இழுத்துக்கொண்டு. அப்புறம் வீழ்ச்சிப் பிரிவு அலுவலர், ஆபீஸ் வரவேற்பறைச் சோபாவின் மெத்தைகளோடு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோரும் மரங்களின் அழகை ரசித்தார்கள். கடைசியில் தலைவரின் கார் டிரைவர் ஒரு சுழல் நாற்காலியின் பெரிய மெத்தையோடு வந்து சேர்ந்தார். "ஐயா பேத்தியும் ஓட்டுறாங்க. ஐயாதான் குடுத்து அனுப்பினாரு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு" என்று எல்லோரிடமும் சொன்னார்.

கொட்டகையிலிருந்து காவலர் எட்டிப் பார்த்தார். "என்னங்க இது, எல்லை தாண்டிக் குடித்தனம் வர்றீங்களா?"

விஷயம் புரிந்ததும் அவர் ஆட்சேபிக்கவில்லை. இவர்கள் ஆளுக்கொரு இடத்தில் மெத்தையை விரிப்பதை இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். தபால்காரர் வேரடியில் போட்டார், வக்கீல் பாறை ஓரத்தில், தலைமையாசிரியை பள்ளத்தின் நடுவில், மருந்துக்கடைக்காரர் மரத்துக்கு இடதுபுறம் சரளையில். "அவங்கவங்க விழுந்த இடத்தை அச்சு மாறாம ஞாபகம் வெச்சிருக்கீங்களே" என்று காவலர் வியந்தார். அவர் விடவில்லை.

"தெரியாமத்தான் கேக்குறேன். இத்தனை பெரிய மனுசங்க இருக்கீங்க. ஒருத்தர் மேல ஏறிப்போய், குழந்தைங்களை அனுப்பாதீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுதே. எதுக்கு இவ்வளவு மெத்தை?"

எல்லோருக்கும் திடீரென்று மெத்தையில் வேலை வந்துவிட்டது. ஒருவர் தட்டினார், ஒருவர் ஓரத்தை இழுத்துச் சரி செய்தார். மருந்துக்கடைக்காரர் எழுந்தார். உண்மையாகவே எழுந்தார், மேலே பார்த்து நாலைந்து அடி ஏறவும் செய்தார். அப்போதுதான் மரங்களுக்கு மேலாக ஒலிபெருக்கிக் குரல் வந்தது. "ஒரு கையாலேயே ஓட்டிக் காட்டிய நம் மருந்துக்கடைக்காரரின் செல்வ மகள், இதோ, முதலாவதாக..." என்று தலைவர் முழங்கினார். குழந்தைகளின் ஆரவாரம். அவர் கால்கள் நின்றுவிட்டன. இந்தக் குரலுக்கு முன்னால் போய் என்னவென்று சொல்வது? திரும்பி வந்து, ஏற்கெனவே சரியாக இருந்த மெத்தையை மறுபடியும் சரியாக விரித்தார். வாழ்நாளில் அவர் செய்த மிகக் கேவலமான காரியம் அதுதான். செய்துகொண்டிருக்கும்போதே அது அவருக்குத் தெரிந்தும் இருந்தது.

சிட்டு வந்தாள். அழகாக வந்தாள். எல்லைக்கல்லைத் தாண்டும்போது இடது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து உயரே தூக்கினாள். ஒரே கையால் ஓட்டினாள், அப்பா ஓட்டியது மாதிரி.

"ரெண்டு கையாலயும் பிடி!" என்று அவர் கத்தியது அவள் காதில் விழுந்ததோ என்னவோ. ஒற்றைக் கையால் திரும்பிய சக்கரம், அந்த ஊரில் எந்தப் பெரியவரும் விழாத பக்கமாகத் திரும்பியது. ஒரு கையால் யாரும் அந்த வளைவுக்கு வந்ததில்லையே! இடதுபுறம் மெத்தையாக விரிந்து கிடக்க, வலதுபுறம் வெறும் கல்லில் போய் விழுந்தாள்.

அவர் ஓடினார். முழங்கால் கிழிந்து ரத்தம், உள்ளங்கை முழுக்கச் சரளை, மோவாயில் வெட்டு. எலும்பு ஒன்றும் ஆகவில்லை. அவள் அழவில்லை. முதலில் அவரைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் மெத்தைகளோடு வரிசையாக நின்ற பெரியவர்களை, தன் தலைமையாசிரியையைப் பார்த்தாள். பிறகு தன் பூப்போட்ட விரிப்பைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்களும் இங்க விழுந்தீங்களா?"

"அது வந்துடா கண்ணு... அன்னிக்கு ஏணி..."

அவ்வளவு ஆன பிறகும் அதுதான் வந்தது வாயில். சிட்டு தலையைத் திருப்பிக்கொண்டாள்.

மற்ற குழந்தைகள் பின்னாலேயே வந்தார்கள். பொத்துப் பொத்தென்று மெத்தைகளில் விழுந்து, இதுவும் விளையாட்டில் சேர்த்தி என்று எண்ணிச் சிரித்தார்கள். தலைவரின் பேத்தி தலைவரின் நாற்காலி மெத்தையிலேயே விழுந்தாள். பாதை வளைந்து மறுபடி நம் பக்கம் இறங்குகிற மைதானத்தில் விழா தயாராக இருந்தது. அலுவலர் தலைவரின் காதில் போய் ஏதோ சொன்னார். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"இன்றைய ஓட்டத்தில் வீழ்ச்சி எதுவும் இல்லை! சில குழந்தைகள் பக்கத்து நாட்டு மண்ணில், நம் நாட்டு மெத்தையில், சற்று நேரம் படுத்து ஓய்வெடுத்ததாகத் தகவல் வந்திருக்கிறது. களைத்த குழந்தை படுப்பது இயற்கை. இரு நாட்டு நல்லுறவுக்கு இதைவிட நல்ல அடையாளம் உண்டா? இனி அந்த மெத்தைகள் அங்கேயே இருக்கும். புன்னகை வளைவு இனி ஓய்வு வளைவு என்று அழைக்கப்படும்!"

சிட்டுவையும் அவரையும் மேடைக்கு அழைத்தார்கள். போட்டோக்காரர், "பாப்பா, அப்பாவுக்குப் பின்னாடி கொஞ்சம் நகர்ந்து நில்லும்மா, முட்டி தெரியுது" என்றார். அவள் நகர்ந்து நின்றாள். மருந்துக்கடைக்காரரின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். கூட்டத்தில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ சொல்லலாம். வாயருகே எல்லாம் வந்தது. "நன்றி" என்றார்.

வீட்டுக்குப் போனார்கள். மனைவி சிட்டுவைச் சமையலறை மேடையில் தூக்கி உட்காரவைத்து, வெந்நீரில் துணியை நனைத்துச் சரளையை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவர் கடையிலிருந்து டிஞ்சர் புட்டியும் பஞ்சும் கொண்டுவந்தார். ஆயிரம் குழந்தைகளின் முழங்காலுக்கு மருந்து போட்ட கையால் மூடியைத் திறந்தார். எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சிட்டு புட்டியைப் பார்த்தாள்.

"எரியுமா?"

கடையில் வருகிற எந்தக் குழந்தை கேட்டாலும் 'எரியவே எரியாது, சில்லுன்னு இருக்கும்' என்பார். நுனிநாக்கில் அதுதான் நின்றது. விழுங்கினார். தலையை நிமிர்த்தி அவள் கண்ணைப் பார்த்தார்.

"எரியும்மா" என்றார். "ரொம்பவே எரியும்."

சிட்டு காலை நீட்டவில்லை. கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் திரும்பி, "அம்மா, எரியுமா?" என்று கேட்டாள்.